சமையலறைக் கத்தியை வீட்டிலேயே தீட்டுவது: எதை வாங்குவது, எப்படிப் பிடிப்பது

தக்காளியில் கத்தியை வைத்தால் தோல் உள்ளே அமுங்கி, சாறு தெறித்த பிறகுதான் கத்தி இறங்குகிறதா? கத்தி கெட்டுப்போகவில்லை, மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்காகப் புதுக்கத்தி வாங்கவேண்டாம்.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கம் புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்கள், சாணைக்காரர் எட்டிப்பார்க்காத புது நகர்களில் இருப்பவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் இதைக் கற்றுக்கொள்ள ரொம்பவே திணறினேன். எதை வாங்கவேண்டும் என்று சொல்ல ஆள் நிறைய இருந்தது. கத்தி தீட்டியாகிவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. அது தெரிந்தவருக்கு ஹார்டுவேர் கடைக் கல்லே போதும். தெரியாதவருக்கு ஐயாயிரம் ரூபாய் மெஷினும் பயன்படாது. கல் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றால் நேரே 4-ஆம் படிக்குப் போய்விடுங்கள்.

1. முதலில் வீட்டில் என்ன கத்தி இருக்கிறது என்று பாருங்கள்

கருவி வாங்கப் போகுமுன் கத்திகளை எல்லாம் எடுத்து மேசையில் பரப்புங்கள். பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

பாத்திரக்கடையில் வாங்கிய சாதாரண எவர்சில்வர் கத்தி. உருக்கு கொஞ்சம் மென்மையானது. சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டவும் வரும்.

கொல்லர் பட்டறையில் அடித்த இரும்புக் கத்தி, அரிவாள்மனை. கல்லில் வைத்தால் அருமையாகக் கூர் ஏறும். ஆனால் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். வாழைக்காய், வாழைப்பூ நறுக்கினால் அலகு கறுக்கும். கறுப்பு ஒரு குறை இல்லை, அதைத் தேய்த்து எடுக்கிறேன் என்று இறங்கவேண்டாம்.

ஜப்பான் வகைக் கடின உருக்குக் கத்தி. ஆன்லைனில் வாங்கியதோ யாராவது பரிசாகக் கொடுத்ததோ இருக்கலாம். இதன் வாய், அதாவது வெட்டும் ஓரம், மெல்லியது. கோணம் தவறினால் சில்லுச் சில்லாகப் பெயரும்.

பல் வைத்த ரொட்டிக் கத்தியையும் வெள்ளைப் பீங்கான் கத்தியையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பல்கத்தியைத் தட்டையான கல்லில் தேய்த்தால் பல் போய்விடும். பீங்கானுக்கு வைரத்தூள் பதித்த தட்டுதான் சரிப்படும், சாதாரணக் கல்லில் வைத்தால் ஓரம் உடையும்.

2. எதை வாங்குவது

கடையில் நான்கைந்து விதமான சாமான்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் பற்றி என் கருத்து இது.

இழுத்துத் தீட்டும் பிளாஸ்டிக் சாதனம்: நடுவில் 'வி' வடிவப் பிளவு இருக்கும், கத்தியை அதில் விட்டு இழுக்கவேண்டும். சுமார் 150 முதல் 500 ரூபாய். இழுத்தவுடன் கத்தி வெட்டும், அதனால் எல்லாருக்கும் பிடித்துப்போகிறது. ஆனால் முதல் பிளவில் இருக்கும் கடினத் தகடுகள் கத்தியின் வாயைச் சுரண்டி எடுக்கின்றன. கிடைத்த கூர் நெடுநாள் நிற்காது. பிடியை ஒட்டிய பகுதிக்கு அது எட்டாததால் வருடக்கணக்கில் இழுக்க இழுக்க அந்த இடம் மட்டும் தூக்கிக்கொண்டு, அதற்கு முன்னால் வாய் குழிந்துவிடும். அப்புறம் பலகையில் வைத்து வெண்டைக்காய் நறுக்கினால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வரும். நூறு ரூபாய்க் கத்திக்கு இது போதும் என்று ஒருவர் சொன்னால் மறுக்கமாட்டேன். நல்ல கத்தியை மட்டும் இதில் விடாதீர்கள்.

ஸ்டீல் கம்பி: கறிக்கடையில் வெட்டுக்கு வெட்டு கத்தியை இப்படியும் அப்படியும் உரசுவார்களே, அந்தக் கம்பி. புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். இந்தக் கம்பி கத்தியைத் தீட்டாது. ஏற்கெனவே கூராக இருக்கும் வாய் லேசாக மடங்கியிருந்தால் அதை நிமிர்த்திவிடும், அவ்வளவே. மழுங்கிய கத்தியை நாள் முழுக்க உரசினாலும் கூர் வராது. கறிக்கடைக்காரர் கையில் அது வேலை செய்வதற்குக் காரணம், அவர் கத்தியை ஏற்கெனவே கல்லில் தீட்டி வைத்திருக்கிறார். கடின ஜப்பான் கத்திக்குக் கம்பியே ஆகாது.

மின்சார மெஷின்: ஆயிரக்கணக்கில் ஆகும். பெரும்பாலானவற்றில் கோணத்தை நாம் மாற்றமுடியாது, உருக்கை வேகமாகத் தின்னும். ஒரு வீட்டுக்கு இருக்கும் நாலு கத்திக்கு இது தேவையே இல்லை.

வைரத்தூள் தட்டு: ஊறவைக்க வேண்டாம், குழி விழாது. 400 முதல் 1000 ரூபாய்க்குள் இருபக்கத் தட்டு கிடைக்கிறது. இதில் அழுத்தக்கூடாது. அழுத்தினால் தூள் பெயர்ந்து வெறும் தகடுதான் மிஞ்சும்.

இருபக்கக் கல்: ஒரு முகம் சொரசொரப்பு, மறுமுகம் வழவழப்பு. சிலிக்கன் கார்பைடு கல். கடையில் 'கார்போரண்டம் கல்' என்று கேட்டால் புரியும். 8 அங்குல நீளம், 2 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் என்பது வழக்கமான அளவு. சுமார் 150 முதல் 400 ரூபாய். நான் சொல்வது இதைத்தான். இரும்புக் கத்தி, எவர்சில்வர் கத்தி, அரிவாள்மனை மூன்றுக்கும் இது ஒன்றே போதும்.

கடின ஜப்பான் கத்தி வைத்திருப்பவர்கள் மட்டும் 1000 கிரிட் நீர்க்கல் ஒன்று தனியாக வாங்குங்கள். கிரிட் எண் கூடக்கூடக் கல் நைசாக இருக்கும். 200 முதல் 400 வரை உள்ளது வாய் பெயர்ந்த கத்தியைச் சரிசெய்ய, 800 முதல் 1000 வரை தீட்ட, 3000-க்கு மேல் மெருகேற்ற. '3000/8000' என்று போட்ட கல்லை முதல் கல்லாக வாங்கினால் மழுங்கிய கத்தி பளபளவென்று மின்னும், ஆனால் வெட்டாது.

3. கடையில் கவனிக்கவேண்டியது

பாத்திரக்கடையைவிட ஹார்டுவேர் கடையில் கேளுங்கள். மரவேலை செய்பவர்கள் உளி தீட்ட வாங்குவதால் அங்கே கல் இருக்கும். "அண்ணாச்சி, உளி தீட்டுற ரெண்டு பக்கக் கல்லு இருக்கா?" என்றால் எடுத்துப்போடுவார். ஒரு கல்லை மட்டும் காட்டினால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் ஏதோ ஒரு கல் வளைந்திருக்கிறது, வேறு கேளுங்கள். விரலால் சுண்டிப் பாருங்கள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது சொத்தென்று கேட்கும். பில் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஊறவைத்த பிறகுதான் சில விரிசல்கள் தெரியும், பில் இல்லாமல் மாற்றித் தரமாட்டார்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். கல் கூரியரில் உடைந்துவரக்கூடிய பொருள். திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்பதையும் வாங்குமுன்னே பார்த்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலி டவுனில் வாங்குவதாக இருந்தால் ஆனித் தேரோட்டத்தை ஒட்டிய நாட்களிலும் தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் ரதவீதிப் பக்கம் போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு கல்லை எடுத்து நிதானமாகப் பார்க்கக் கடைக்காரருக்கும் பொறுமை இருக்காது, உங்களுக்கும் இருக்காது.

4. கல்லையும் கோணத்தையும் சரிசெய்யுங்கள்

கல்லைப் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் போடுங்கள். குமிழி வருவது நின்றால் ஊறிவிட்டது. எண்ணெய் வேண்டாம். சமையல் எண்ணெய் கல்லின் துளைகளில் பிசுக்காக இறுகிவிடும், அப்புறம் அந்தக் கல் அறுக்காது. எண்ணெய் ஒருமுறை ஏறிவிட்டால் தண்ணீருக்குத் திரும்புவதும் கஷ்டம்.

ஈரத்துணியை நாலாக மடித்து மேடையில் விரித்து, அதன்மேல் கல்லை வையுங்கள். கல் நகரக்கூடாது. தள்ளிப்பார்த்து, அசைந்தால் துணியை மாற்றுங்கள். கை வெட்டுப்படுவது பெரும்பாலும் கல் நழுவுவதால்தான்.

இனிக் கோணம். சாதாரணக் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி, ஜப்பான் கத்திக்கு 15 டிகிரி என்று எல்லாரும் சொல்வார்கள். கோணமானி வைத்துக்கொண்டு யாரும் தீட்டமுடியாது, ஆகவே இப்படிச் செய்யுங்கள். கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, முதுகை (வாய்க்கு எதிர்ப்பக்க ஓரத்தை) மட்டும் தூக்குங்கள். அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரம் தூக்கினால் 20 டிகிரி. நாலில் ஒரு பங்கு தூக்கினால் 15 டிகிரிக்குக் கிட்டத்தட்ட. 3 சென்டிமீட்டர் அகலக் கத்தி என்றால் முதுகு கல்லிலிருந்து 1 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். அளவு கண்ணில் பதியும்வரை ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நல்ல வழி, கத்தியின் வாயோரம் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, கல்லில் ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பது. வாயின் நுனியில் மை அப்படியே இருந்து மேலே மட்டும் அழிந்தால் முதுகை இன்னும் தூக்கவேண்டும். நுனியில் மட்டும் அழிந்தால் தூக்கியது அதிகம். சீராக அழிந்தால் அந்தக் கோணத்தைக் கை மறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 20-ஆ 22-ஆ என்பது பெரிய விஷயமே இல்லை. முதலிலிருந்து கடைசிவரை ஒரே கோணமாக இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

5. தீட்டுவது: பிசிறு வரும்வரை

சொரசொரப்பான முகம் மேலே இருக்கட்டும். வலது கையில் பிடி. இடது கையின் இரண்டு மூன்று விரல் நுனிகளை அலகின்மேல், வாய்க்குச் சற்று உள்ளே தள்ளி வையுங்கள். முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். முதுகு முந்திப்போகும் திசையில் மட்டும் லேசாக அழுத்தம் கொடுத்து, வாய் முந்திப்போகும் திசையில் விட்டுவிடுங்கள். வாய் கல்லைக் கடிக்காமல் இருக்க இது உதவும். பிடிப்பக்கத்திலிருந்து முனைவரை கொஞ்சம் கொஞ்சமாக நகருங்கள். முனை வளைந்திருந்தால் அங்கே வரும்போது பிடியை ஒரு துளி தூக்குங்கள், இல்லையென்றால் முனை தீட்டுப்படாமலே தப்பிவிடும்.

கல்லின்மேல் கறுப்பாகச் சேறு போல ஒன்று சேரும். அதைக் கழுவவேண்டாம், அதுவும் சேர்ந்துதான் அறுக்கிறது. கல் காய்ந்தால் மட்டும் ரெண்டு சொட்டுத் தண்ணீர்.

எத்தனை தடவை தேய்ப்பது என்பதற்கு எண்ணிக்கை கிடையாது. பக்கத்துக்குப் பத்து, பக்கத்துக்கு இருபது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். கத்தி எவ்வளவு மழுங்கியிருக்கிறது, உருக்கு எவ்வளவு கடினம் என்பதைப் பொறுத்து அது மாறும். பார்க்கவேண்டியது பிசிறை.

ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உருக்கு வாயின் நுனியைத் தாண்டி, மறுபக்கம் மெல்லிய இழையாக மடங்கி நிற்கும். அதுதான் பிசிறு. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, விரலுக்குத் தெரியும். கத்தியைத் துடைத்துவிட்டு, தேய்க்காத பக்கத்தில் பெருவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வெளிப்பக்கமாக மெதுவாக இழுங்கள். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது, அறுத்துவிடும். ஓரத்தில் விரல் லேசாகச் சிக்கினால் பிசிறு வந்துவிட்டது. விரல் வைக்கப் பயமாக இருந்தால் கொஞ்சம் பஞ்சை அதே மாதிரி இழுத்துப்பாருங்கள், பிசிறு இருக்கும் இடத்தில் இழை மாட்டும்.

பிசிறு பிடியிலிருந்து முனைவரை முழு நீளத்துக்கும் வந்திருக்கவேண்டும். நடுவில் மட்டும் வந்து முனையில் வராவிட்டால், முனையில் மட்டும் தேயுங்கள். முழு நீளத்துக்கும் வரும்வரை கத்தியைத் திருப்பாதீர்கள். அவசரப்பட்டுத் திருப்புவதால்தான் பலருக்கும் கூர் வருவதில்லை. பிசிறு வரவில்லை என்றால் இரண்டு பக்கச் சரிவும் இன்னும் ஒன்றையொன்று தொடவில்லை என்று அர்த்தம். வாயின் நுனியில் பழைய மழுங்கல் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதன்பிறகு எவ்வளவு நைசான கல்லில் தேய்த்தாலும் அந்த மழுங்கல்தான் மின்னும்.

ஒரு பக்கம் முழுக்க வந்ததும் கத்தியைத் திருப்பி, மறுபக்கமும் அதே மாதிரி. பிசிறு இப்போது முதல் பக்கத்துக்கு வந்துவிடும். அடுத்து கல்லை வழவழப்பான முகத்துக்குப் புரட்டுங்கள். இங்கே அழுத்தம் பாதியாகட்டும். ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போங்கள். பிறகு கத்தியின் எடை மட்டும் கல்லில் இருக்கும்படி பக்கத்துக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. பிசிறு இப்படித்தான் மெலிந்து உதிரும்.

கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்திலோ, மேடையில் விரித்த நியூஸ் பேப்பரிலோ முதுகு முன்னால் போகும்படி சில தடவை இழுத்துவிடுங்கள். பிசிறைப் போக்காமல் விட்டால் கத்தி அன்றைக்குப் பிரமாதமாக வெட்டும், ரெண்டே நாளில் அந்த இழை முறிந்து பழைய நிலைக்கு வந்துவிடும். "வீட்டில் தீட்டினால் கூர் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று சொல்வோர் இந்த இடத்தைத்தான் பார்க்கவேண்டும்.

நேரம்: ரொம்ப மழுங்கிய கத்திக்கு முதல் தடவை அரைமணி முதல் முக்கால் மணி ஆகலாம். ஒருதரம் ஒழுங்காகத் தீட்டிவிட்டால் அடுத்தடுத்த முறை வழவழப்பான முகத்தில் ஐந்து பத்து நிமிடம் போதும்.

6. சோதித்துப் பார்ப்பது

கத்தியை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டே சோதியுங்கள், உருக்குத்தூளும் கல்தூளும் ஒட்டியிருக்கும். ஒரு நியூஸ் பேப்பர் தாளைத் தொங்கவிட்டுப் பிடித்து மேலிருந்து கீழே அறுங்கள். எங்கே கிழிகிறதோ, கத்தியின் அந்த இடத்தில் பிசிறு மிச்சமிருக்கிறது அல்லது மழுங்கல் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் திரும்பக் கல்லில் வையுங்கள். பிறகு தக்காளி. அழுத்தாமல் இழுத்தாலே தோல் அறுபடவேண்டும்.

என்னைக் கேட்டால் சின்ன வெங்காயம்தான் சரியான சோதனை. சொதிக்கு ஒரு கிண்ணம் உரித்து நறுக்கிப் பாருங்கள். கூர் உள்ள கத்தி வெங்காயத்தை நசுக்காது, சாறு அதிகம் வெளியே வராது, கண்ணும் அவ்வளவாக எரியாது.

7. அரிவாள்மனை

இங்கே கத்தி அசையாது, கல்தான் அசையவேண்டும். பலகையைத் தரையில் வைத்து ஒரு காலால் நன்றாக மிதித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் குழந்தைகள் இருக்கவே கூடாது. வாய் ஒரு பக்கம் மட்டும் சரிந்திருக்கிறதா, இரண்டு பக்கமும் சரிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எந்தப் பக்கம் சரிவு இருக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் தேய்க்கவேண்டும். முழுக் கல்லைப் பிடிப்பது கஷ்டம். உடைந்த கல் துண்டு இருந்தால் இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து மேலே, வளைவோடு ஒட்டி, விரல் வாய்க்கு எதிரே வராதபடி பிடித்துத் தேயுங்கள். பிசிறு பார்ப்பது அதே முறைதான். முடித்ததும் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவிவிட்டால் துரு வராது. நுனியில் இருக்கும் தேங்காய்த் துருவிப் பல்லுக்குக் கல் சரிவராது, சின்ன முக்கோண அரம் வேண்டும்.

8. சாணைக்காரரிடமோ பட்டறையிலோ கொடுப்பதானால்

வாய் பெரிதாகப் பெயர்ந்த கத்தி, முனை உடைந்தது, வளைந்த அரிவாள் இவற்றை வீட்டில் சரிசெய்ய உட்காராதீர்கள். கொடுத்துவிடுவதே நல்லது. தெருவில் வரும் சாணைக்காரர் கத்திக்கு 30 முதல் 50 ரூபாய்வரை கேட்பார். பட்டறையில் வேலையைப் பொறுத்து. கொடுக்குமுன்னே கூலி பேசிக்கொள்ளுங்கள்.

கவனிக்கவேண்டியது சூடு. சாணைச் சக்கரத்தில் தொடர்ந்து பிடித்தால் மெல்லிய வாய் நொடியில் சூடேறிவிடும். ஓரம் நீலம் பாய்ந்தால் உருக்கு கிட்டத்தட்ட 300 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டது, அந்த இடத்தின் கடினத்தன்மை போய்விட்டது என்று பொருள். எத்தனை தடவை தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் தங்காது. "அண்ணாச்சி, தண்ணியில முக்கி முக்கிப் பிடிங்க" என்று தொடங்குமுன்னே சொல்லிவிடுங்கள். நல்ல வேலைக்காரர் நீங்கள் சொல்லாமலே அப்படித்தான் செய்வார். ஜப்பான் கத்தியைச் சக்கரத்தில் கொடுக்கவே வேண்டாம்.

பட்டறைக்குப் போகும்போது ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். கத்தி, அரிவாள் வாங்குபவரின் பெயர், முகவரி, போன் நம்பரைக் குறித்துவைக்கும்படி 2021-இல் தமிழகக் காவல்துறை பட்டறைக்காரர்களிடம் சொல்லியிருந்தது. கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள், அவர்களுக்கு அது பாதுகாப்பு. அரிவாளையோ பெரிய கத்தியையோ வண்டியில் வெறுமனே செருகிக்கொண்டு போகாதீர்கள். வாய்க்கு அட்டை வைத்து, நியூஸ் பேப்பர் சுற்றி, பைக்குள் வையுங்கள். நம் மாவட்டத்தில் இரவு வாகனச் சோதனை சாதாரணம், பகலிலேயே போய்த் திரும்புங்கள். ஆயுத பூஜை அன்று பட்டறைக்குப் போய்ப் பயனில்லை, கருவிகளைப் பூஜையில் வைத்திருப்பார்கள்.

9. கூர் நிற்க

மழுங்குவதற்குப் பெரிய காரணம் நம் வீட்டுக் கிரானைட் மேடை. கிரானைட்மேல் நேரடியாக வைத்து ஒரு தடவை நறுக்கினாலே வாய் மடங்கிவிடும். எவர்சில்வர் தட்டும் கண்ணாடிப் பலகையும் அப்படியே. மரப்பலகையோ பிளாஸ்டிக் பலகையோ வைத்துக்கொள்ளுங்கள். நறுக்கிய காயைச் சட்டியில் தள்ளும்போது கத்தியைப் புரட்டி முதுகால் தள்ளுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் கரண்டிகளோடு சேர்த்துப் போடாதீர்கள். கத்திக்கும் கெடுதல், தொட்டிக்குள் கை விடுகிறவருக்கும் ஆபத்து. வீட்டில் வேலைக்கு அக்கா யாராவது வருகிறார்கள் என்றால் தீட்டிய அன்றே சொல்லிவிடுங்கள்.

தினம் சமைக்கும் வீட்டில் மாதம் ஒருமுறை வழவழப்பான முகத்தில் வைத்தால் போதும். சொரசொரப்பான முகத்துக்கு வருடத்தில் ஒன்றிரண்டு தடவைக்குமேல் வேலை வராது.

கல்லும் தேயும். நடுவிலேயே தேய்த்துக்கொண்டிருந்தால் குழி விழுந்து, கோணம் பிடிக்க வராது. பென்சிலால் கல்லின் முகத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கண்ணாடித் துண்டின்மேல் விரித்த சொரசொரப்பான வாட்டர் பேப்பரில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீர் ஊற்றி வட்டமாகத் தேயுங்கள். கோடு எல்லா இடத்திலும் அழிந்துவிட்டால் கல் சமமாகிவிட்டது. பிறகு நிழலில் காயவையுங்கள். ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடவோ வெயிலில் வைக்கவோ வேண்டாம்.